பொன்னாலைப் பாலத்தில் விழுந்தோம்: கூட்டமாக சைக்கிள் ஓட்டும்போது பொறுப்பு யாருடையது?

சோளகம் | ஞாயிறு, பிற்பகல் 1.40

காலையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள் ஏசுவதானாலும் ஏசுங்கள்.

நாங்கள் பதினெட்டுப் பேர். ஞாயிறுதோறும் காலை ஐந்தரைக்கு யாழ்ப்பாண நகரில் கூடிப் புறப்படுவோம். எந்தப் பக்கம் போவது என்று வட்ஸ்அப்பில் போடுகிற ஆள் நான். இன்று காரைநகர். மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை கடந்து மூளாய் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பொன்னாலைப் பாலத்தில் ஏறினோம், சோளகம் (தென்மேல் காற்று) இடது முன்பக்கத்தால் அடித்தது. இந்த மாதங்களில் அங்கே போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு பனை கூட இல்லை.

முன்னால் போனவர்கள் வேகத்தைக் குறைக்கவில்லை. மணிக்கு 27 கிலோமீற்றர். காற்றுக்கு மறைவு தேடி ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் போகிறவரின் வலப்பக்கப் பின்புறமாக ஒதுங்கினார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர் அவருக்கும் வலப்பக்கம். வரிசை சரிந்து சரிந்து வீதியின் நடு வரைக்கும் வந்துவிட்டது. நான் ஏழாவது ஆள், நடுவுக்கு மிக அருகில். அது தவறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. காற்று அடிக்கவில்லை, சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

முதலாவது ஆள் ஒரு குழியைக் கண்டு வெட்டினார். சத்தம் இல்லை. அடுத்த மூன்று பேரும் எப்படியோ தப்பினார்கள். ஐந்தாவதாகப் போன தம்பியின் முன்சில்லு நான்காவது ஆளின் பின்சில்லில் உரசியது. தம்பி வலப்பக்கம் விழுந்தார். எதிரே காரைநகர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர், கரியரில் றெஜிபோம் மீன்பெட்டி கட்டிய பழைய சைக்கிளில், தன்னுடைய பக்கத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். தம்பியின் சைக்கிள் தாரில் வழுக்கிக்கொண்டு போய் அவருடைய முன்சில்லில் அடித்தது. பெட்டி உடைந்தது. ஓராவும் திரளியும் ஐஸ்தூளும் வீதி முழுவதும். பெரியவர் எழும்பியதும் முழங்காலைப் பார்க்கவில்லை, மீனைப் பொறுக்கத் தொடங்கினார். அவருடைய சாரத்தில் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

தம்பிக்குக் காறையெலும்பு முறிவு. பெரியவருக்கு முழங்காலில் தையல், கை மணிக்கட்டு வீக்கம். அவருடைய சில்லு எட்டுப்போல வளைந்துவிட்டது.

முன்னால் போன நான்கு பேருக்கும் எதுவும் தெரியாது. தொலைபேசியில் கூப்பிட்டபோது காரைநகரில் கசூரினாக் கடற்கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வட்ஸ்அப்பில் சண்டை. பெரியவருக்கு யார் கொடுப்பது? விழுந்தவரா, குழியைச் சொல்லாமல் முன்னால் போனவரா, கூட்டத்தைக் கூட்டிய நானா? "தன் சைக்கிளுக்குத் தான் பொறுப்பு" என்று ஒருவர் எழுதிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டார்.

ரலி28 | ஞாயிறு, பிற்பகல் 2.25

தம்பி, முதலில் ஏசிவிடுகிறேன். பாலத்தில் 27 கிலோமீற்றர் வேகத்தில் போகிற அளவுக்குக் காரைநகரில் என்ன கலியாணம்?

எங்கள் காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. பெற்றோல் வராத தொண்ணூறுகளில், கார் வைத்திருந்தவர் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார், மற்ற எல்லோரும் உழக்கினோம். பள்ளிக்கூடம், கந்தோர், ஆஸ்பத்திரி, பிணம் எடுக்கிற வீடு, எல்லாவற்றுக்கும் கூட்டமாகத்தான் போனோம். கிளாலிக்குப் பொதி கட்டிய சைக்கிளில் இருட்டில் வரிசையாகப் போயிருக்கிறேன். ரோச் கூட அடிக்க மாட்டோம். ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பக்கம் எத்தனை சைக்கிள் நின்றது என்று அங்கே நின்றவர்களைக் கேளுங்கள். ஒருவரும் ஏறி ஓட்டவில்லை, உருட்டினோம். விழ வழியே இல்லை.

அப்போதும் விழுந்தோம்தான். பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒருவரின் சில்லுக்குள் மற்றவர் சில்லை நுழைத்துக்கொண்டு போகிற கலை எங்களிடம் இருக்கவில்லை. முன்னால் போகிறவர் திடீரென்று இறங்குவார், கரியரில் இருந்து மூட்டை விழும், செயின் கழரும். அதனால் இடைவெளி விட்டோம். இப்போது உங்கள் சைக்கிள் நல்லது, அதை நம்பி ஒட்டிக்கொண்டு போகிறீர்கள்.

மூன்றுசில்லு | ஞாயிறு, பிற்பகல் 3.05

ஓட்டோ ஓட்டுகிறவன் பேசலாமா? பேசுகிறேன்.

ஞாயிறு காலையில் எனக்கு வருகிற ஓட்டம் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும். காங்கேசன்துறை வீதியில் உங்களைப் போல ஒரு கூட்டத்துக்குப் பின்னால் கொக்குவிலில் இருந்து கோண்டாவில் தாண்டும் வரைக்கும் ஊர்ந்திருக்கிறேன். இருவர் இருவராகப் போனால்கூடப் பரவாயில்லை. இருவரில் ஒருவர் மூன்றாமவரோடு கதைக்க வலப்பக்கம் வருவார். ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். முறைக்கிறபோது சைக்கிளும் சேர்ந்து வலப்பக்கம் இழுக்கும், அதுவும் அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. என் பின்னால் தனியார் பஸ்காரர் நிற்பார். அவருக்கு இ.போ.ச. (அரச) பஸ்ஸை முந்தவேண்டும். நான் பொறுத்தாலும் அவர் பொறுக்க மாட்டார். அவர் என்னையும் உங்களையும் சேர்த்து முந்துவார். நடுவில் அகப்படுகிறவன் நான்.

ஒற்றை வரிசையில் போங்கள். இதற்கு ஏன் ஒரு விவாதம்?

கணக்குவாத்தி | ஞாயிறு, பிற்பகல் 4.30

மூன்றுசில்லு அண்ணா, கோபம் நியாயம். ஆனால் ஒற்றை வரிசை உங்களுக்கே நல்லதா என்று கணக்குப் பார்ப்போம்.

ஒரு சைக்கிளின் நீளம் 1.8 மீற்றர். பாதுகாப்பான இடைவெளி என்று 2 மீற்றர் வைப்போம். பதினெட்டுப் பேர் ஒற்றை வரிசையில் போனால் தலை முதல் வால் வரை 66 மீற்றர். இருவர் இருவராகப் போனால் 32 மீற்றர். அவர்கள் மணிக்கு 25 கிலோமீற்றரில் போகிறார்கள், நீங்கள் 40இல் முந்துகிறீர்கள். வேறுபாடு 15 கிலோமீற்றர், செக்கனுக்கு ஏறக்குறைய 4.2 மீற்றர். வெளியே எடுக்கவும் உள்ளே வரவும் பத்துப் பத்து மீற்றர் சேர்த்தால், ஒற்றை வரிசையை முந்த உங்களுக்கு 20 செக்கனுக்கு மேல் வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் 229 மீற்றர் ஓடியிருப்பீர்கள், எதிரே 50இல் வருகிறவர் 286 மீற்றர் வந்திருப்பார். மொத்தம் அரைக் கிலோமீற்றருக்கு மேல் வெறும் வீதி வேண்டும். காங்கேசன்துறை வீதியில் அப்படி ஒரு வெறுமையை நான் ஊரடங்கில்தான் கண்டிருக்கிறேன்.

இருவர் இருவராகப் போனால் அதே கணக்கு 12 செக்கன் சொச்சம், 310 மீற்றர் அளவு. ஆறு பேர் கொண்ட சிறு குழு ஒற்றை வரிசையில் போனால் 10 செக்கனுக்குள் முடிந்துவிடும். அந்த ஆறு பேருக்கும் அடுத்த ஆறு பேருக்கும் நடுவில் ஒரு ஓட்டோ நுழைந்து மூச்சு விடுமளவு இடம் இருந்தால் யாரும் யாரையும் முறைக்க வேண்டியதில்லை.

இனி சோளகம் தம்பிக்கு. 27 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 7.5 மீற்றர். கண் கண்டு மூளை உணர்ந்து விரல் பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் போகும். உங்கள் சில்லுகளுக்கு இடையே அரை மீற்றர் இருந்திருந்தால், அந்த அரை மீற்றரைக் கடக்க ஒரு செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். ஆகவே ஐந்தாவது ஆள் "கவனிக்கவில்லை" என்று சொல்வது அநியாயம். அவர் எவ்வளவு கவனித்தாலும் அந்த இடைவெளியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

றைன்கரை | ஞாயிறு, இரவு 8.15

ஜேர்மனியில் இருந்து. இங்கே சட்டத்திலேயே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் அது ஒரு மூடிய அணியாகக் கணக்கிடப்படலாம். இருவர் இருவராகப் போகலாம். பச்சை விளக்கில் தலை நுழைந்துவிட்டால் வால் சிவப்பில் வந்தாலும் பிழை இல்லை, முழு அணியும் ஒரே வாகனம். 2020 முதல் சைக்கிளை முந்துகிற வாகனம் ஊருக்குள் 1.5 மீற்றரும் ஊருக்கு வெளியே 2 மீற்றரும் விலகவேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

லண்டனில் இருக்கும் மச்சான் சொல்வதைப் பார்த்தால் அங்கேயும் 2022 ஜனவரியில் வீதிக்கோவையைத் திருத்தி, பெரிய குழுவாகப் போகும்போது இருவர் இருவராகப் போவது பாதுகாப்பாக இருக்கலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். ஆக, சோளகம் தம்பியின் குழுவை எடுத்த எடுப்பில் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றுசில்லு | ஞாயிறு, இரவு 8.40

அண்ணா, ஜேர்மனிச் சட்டத்தைத் தட்டாதெருச் சந்தியில் நின்று ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடிக்கும் முன்னம் மூன்று டிப்பர் போய்விடும்.

ரலி28 | ஞாயிறு, இரவு 8.52

அந்த அணி என்கிற சொல் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே வாகனம் என்றால் அதற்கு ஒரு சாரதி வேண்டும். உங்கள் பதினெட்டுப் பேரில் சாரதி யார்?

றைன்கரை | ஞாயிறு, இரவு 9.30

இங்கே அணிக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், அவர்தான் விதிகளைக் கடைப்பிடிக்க வைக்கவேண்டும். ஐயா கேட்டது சரியான கேள்வி. சலுகையை மட்டும் எழுதிவிட்டு அதை நான் விட்டுவிட்டேன்.

வெள்ளைச்சீருடை | திங்கள், காலை 6.10

இரவுக் கடமை முடித்து வந்து எழுதுகிறேன், சுருக்கமாக. சைக்கிளில் விழுந்து வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன்.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். நம் ஊரில் எல்லோருக்கும் தூக்கி நிறுத்துவதில் ஒரு அவசரம். கழுத்து நோகிறதா, கை கால் விறைக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அசைக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஓட்டோவில் மடக்கி ஏற்றவேண்டாம், மூன்றுசில்லு அண்ணா மன்னிக்கவேண்டும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் ஐம்பது மீற்றர் தள்ளிப் போய் நின்று வாகனங்களை மறியுங்கள். பாலத்தில் இதுதான் முதல் வேலை. விழுந்தவரைச் சுற்றிப் பதினைந்து பேர் வீதியின் நடுவில் வட்டமாக நிற்பதை நான் கண்டிருக்கிறேன், அடுத்த வாகனத்துக்கு அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது.

தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். சில மணித்தியாலம் கழித்து வாந்தி, மயக்கம், சொன்னதையே திரும்பச் சொல்வது என்று வந்தால் உடனே கொண்டுவாருங்கள். அதனால் விழுந்தவர் அன்று தனியாக வீட்டுக்கு உழக்கிப் போகக்கூடாது.

இன்னொன்று: தொலைபேசி பூட்டி இருக்கும், முகம் இரத்தத்தில் இருக்கும், கூட வந்தவர்களுக்கு அவருடைய பட்டப்பெயர் மட்டும்தான் தெரியும். ஒரு காகிதத்தில் முழுப்பெயர், வீட்டு இலக்கம், ஒவ்வாமை உள்ள மருந்து எழுதிப் பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள்.

அந்தப் பெரியவருக்கு ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டார்களா? மீன் வெட்டுகிற கை, கேட்டுச் சொல்லுங்கள்.

சோளகம் | திங்கள், காலை 7.00

போட்டார்கள் அக்கா. நன்றி. நாங்களும் வட்டமாகத்தான் நின்றோம்.

புதுச்சில்லு | திங்கள், காலை 10.20

நான் இந்தக் குழுவில் இல்லை, வேறொரு குழுவில் இருந்தேன். இப்போது இல்லை. ஏன் என்றும் சொல்கிறேன்.

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது அண்ணாவின் பழைய லுமாலா சைக்கிளைத் துடைத்து ரியூப் மாற்றி ஓட்டத் தொடங்கியவள் நான். பிறகு ஆசை வந்து ஒரு குழுவில் சேர்ந்தேன். பருத்தித்துறைக்குப் போனோம். போகும்போது "எல்லோரும் சேர்ந்து போவோம்" என்றார்கள். வல்லை வெளியில் என் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. முன்னால் போனவர்கள் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாரும் இல்லை, ஏனென்றால் நான்தான் கடைசி. பெண்களும் புதியவர்களும் எப்போதும் கடைசியில்தான் தள்ளப்படுகிறோம். அந்த வெளியில் நாற்பது நிமிடம் தனியாக நின்றேன். வந்து நின்ற ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரர்தான் பெட்டியில் ஏற்றி அச்சுவேலிக்குக் கொண்டுவந்துவிட்டார். குழுவில் இருந்து மாலையில் ஒரு செய்தி வந்தது: "தங்கச்சி, சுகமாகச் சேர்ந்தீர்களா?"

கசூரினாவில் தேநீர் குடித்தார்கள் என்று வாசித்ததும் அது நினைவுக்கு வந்தது. பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் பின்னால் இல்லை என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை என்றால் அங்கே நடந்தது கூட்டு ஓட்டம் அல்ல. நான்கு பேர் ஓட்டமும் பதினான்கு பேர் துரத்தலும்.

கடைசியில் போவதற்கு அந்தக் குழுவிலேயே நன்றாக ஓட்டக்கூடிய ஆளைப் போடுங்கள். அவரிடம் பம்பும் ஒட்டும் சாமானும் இருக்கட்டும். முதலாவது ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் தொலைபேசித் தொடர்பு இருக்கட்டும். வேகத்தை முடிவு செய்வது மெதுவாக ஓட்டுகிறவர். அது வெட்கம் என்றால் ஓட்டப் போட்டிக்குப் போகலாம், பொது வீதிக்கு வரவேண்டாம்.

முன்காற்று | திங்கள், பிற்பகல் 12.45

நேற்றிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த முதலாவது ஆள் நான்தான்.

"சத்தம் இல்லை" என்று சோளகம் எழுதியிருப்பது உண்மை. ஆனால் கை காட்டினேன். இடது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய்க் குழியைச் சுட்டினேன், எப்போதும் செய்வது போல. பிறகு வீட்டில் வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. எனக்குப் பின்னால் இருந்தவர் எனக்கு நேரே பின்னால் இல்லை. காற்றுக்காக என் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தார். என் இடது கை அவருக்குத் தெரிய வழியே இல்லை, நடுவில் என் உடம்பு. அவர் எதையும் காணவில்லை, ஆகவே பின்னால் எதையும் கடத்தவில்லை.

குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். காற்று முன்னாலிருந்து அடித்தது, சத்தம் பின்னுக்குத்தான் போயிருக்கும். அந்தக் காற்றில் அவர்கள் கத்தினால் எனக்குக் கேட்காது, நான் கத்தினால் அவர்களுக்குக் கேட்கும். அதனால்தான் விழுந்த சத்தமும் எங்களுக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்திருக்கவேண்டும். அதற்குச் சாட்டு இல்லை. காற்றை உடைத்துக்கொண்டு முன்னால் போகிறேன் என்கிற பெருமையில் இருந்தேன்.

விழுந்த தம்பியின் வீட்டுக்கு நேற்றுப் பின்னேரம் போனேன். அவருடைய அம்மா தேநீர் தந்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ரலி28 | திங்கள், பிற்பகல் 1.10

வந்து எழுதினாயே, அது போதும் தம்பி. இனி வாயைத் திற. "குழி", "கல்", "மாடு", "நாய்", "பின்னால் பஸ்". ஒவ்வொன்றும் ஒரு சொல்தான்.

மாசி, பங்குனியில் வன்னிப் பக்கம் போனால் "நெல்லு" என்றும் சேர்த்துக்கொள். பாதி வீதியில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல்லும் தடியும் வைத்திருப்பார்கள். நெல்லில் ஏறினால் மெல்லிய ரயர் மணலில் ஏறியது போல இழுத்துவிடும். தடியில் ஏறினால் சொல்லவே வேண்டாம்.

கறுப்புக்கோட்டு | திங்கள், இரவு 7.35

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் எழுதுவது பொதுவான விளக்கம், வழக்கு என்று வந்தால் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். சைக்கிளுக்கு இல்லை. ஆகவே நீங்கள் யாரையாவது இடித்தால் கொடுப்பது உங்கள் பை. நம் நாட்டில் இப்படியான நட்டஈட்டுக்கு உரோமன் டச்சுச் சட்டம்தான் அடிப்படை. நியாயமான ஒருவர் அந்த இடத்தில் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை நீங்கள் எடுத்தீர்களா, எடுக்காததால்தான் அவருக்கு நட்டம் வந்ததா, இந்த இரண்டும் முக்கியமான கேள்விகள். பலருடைய கவனக்குறைவு சேர்ந்து ஒரு நட்டம் வந்தால் பலரும் பொறுப்பாகலாம். விழுந்தவர் மட்டும், முன்னால் போனவர் மட்டும் என்று ஒருவரைப் பிடித்துக் கட்டவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வீதியின் நடுவரை சரிந்து போன வரிசையில் ஏழாவதாகப் போனவரும், தான் தொடவில்லை என்பதற்காகத் தப்பிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. சோளகம், உங்களைத்தான் சொல்கிறேன்.

சில குழுக்கள் சேரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகின்றன. "விபத்துக்கு ஒழுங்கமைப்பாளர் பொறுப்பல்ல" என்று. அந்தக் காகிதம் கையெழுத்து வைத்தவரோடு பேசும். மீன்காரர் எங்கே கையெழுத்து வைத்தார்? அவரை அது கட்டாது.

மூன்றுசில்லு | திங்கள், இரவு 8.05

இவ்வளவு நாளில் இந்த இழையில் எனக்கு விளங்கிய முதல் சட்டம் இது.

அம்மன்வீதி | செவ்வாய், காலை 5.50

பெரியவர்களின் ஞாயிற்று ஓட்டத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். ரியூசன் விடுகிற நேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் வந்து பாருங்கள். மாலை ஆறரைக்கு நாலு பேர் ஐந்து பேராகக் கைகோர்க்காத குறையாகப் பிள்ளைகள் வருவார்கள். ஒன்றிலும் விளக்கு இல்லை. என் மகனும் அதில் ஒருவன். பின்னுக்குச் சிவப்பு விளக்கு வாங்கிக் கொடுத்தேன், கழற்றிப் புத்தகப்பையில் வைத்திருக்கிறான். கூட வருகிற யாரும் போடாததால் இவனுக்கு வெட்கமாம்.

கணக்குவாத்தி | செவ்வாய், காலை 6.30

அம்மா, ரியூசன் நடத்துகிறவர்களில் நானும் ஒருவன், அதனால் குற்றம் எனக்கும் உண்டு. ஒரே நேரத்தில் மூன்று வகுப்பை விட்டால் இருநூறு சைக்கிள் ஒரே ஒழுங்கையால் வெளியே வரும். பத்து நிமிட இடைவெளியில் விட்டுப் பார்த்தேன், நெரிசல் பாதியாகக் குறைந்தது. ஆனால் பிள்ளைகள் வாசலில் நண்பர்களுக்காகக் காத்து நின்று, கடைசியில் ஒன்றாகத்தான் போகிறார்கள். கதைப்பதற்குத்தானே வருவதே.

விளக்கு விடயத்தில் மகனைத் தனியாகத் திருத்த முடியாது. நாலு நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள், எல்லோரும் போடுவார்கள். நான் அப்படித்தான் என் பிள்ளையிடம் வென்றேன். நாலு விளக்குக்கு ஆன காசை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு விளக்குச் செய்தி. ஐந்தரைக்கு இருட்டு முற்றாக விலகியிருக்காது. ஆனால் பதினெட்டுப் பேரும் சிமிட்டுகிற சிவப்பு விளக்குப் போட்டால் பின்னால் வருகிறவரின் கண் கூசும், தூரம் பிடிபடாது. கடைசி ஆளுடையது சிமிட்டட்டும். மற்றவர்களுடையது நிலையாக எரியட்டும்.

றைன்கரை | செவ்வாய், பிற்பகல் 2.00

பொன்னாலையில் காற்று அப்படி அடிக்கும்போது என்ன செய்வது என்று இன்னும் ஒருவரும் எழுதவில்லை. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், காரைநகருக்குப் போகும்போது காற்றும் இடப்பக்கத்தால் வருகிறது. ஆகவே மறைவு வலப்பக்கம்தான், அதாவது வாகனங்கள் வருகிற பக்கம். மூடிய வீதியில் ஓடுகிற போட்டிக்காரர்கள் வீதியின் முழு அகலத்துக்கும் சரிந்து போவார்கள், அவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து நாங்களும் செய்கிறோம். பொது வீதியில் அந்த மறைவு இரண்டு பேருக்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாமவர் ஓரத்துக்கு வந்து காற்றைத் தானே வாங்கவேண்டும். அது அவருக்குக் கஷ்டம் என்றால் வேகம் குறையவேண்டும். 27 போன இடத்தில் 17 போனால் காற்றோடு சண்டையும் பாதிக்கு மேல் குறையும்.

சோளகம் | புதன், இரவு 9.15

இன்று பெரியவரின் வீட்டுக்குப் போய் வந்தோம். முன்காற்று, நான், தம்பியின் அண்ணன். பதினெட்டுப் பேரும் பங்கு போட்டோம், குழுவை விட்டுப் போனவரும் பேசாமல் தன் பங்கை அனுப்பியிருந்தார். மீனுக்கு, சில்லுக்கு, பெட்டிக்கு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். பெரியவர் எண்ணிப் பார்த்துவிட்டு, மீன் கணக்கில் நாங்கள் கூடப் போட்டுவிட்டோம் என்று கொஞ்சத்தைத் திருப்பித் தந்தார். அன்று ஓரா விலை இறங்கியிருந்ததாம்.

அவர் எங்களைத் தூரத்திலேயே கண்டிருக்கிறார். "உங்கள் பக்கம் திரும்பிப் போவீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் இன்னும் ஓரத்துக்குப் போனால் கல்லில் ஏறவேண்டும், பெட்டியோடு ஏறினால் விழுந்துவிடுவேன்" என்றார். ஆக, அவர் விலக இடமில்லாத இடத்தில் நாங்கள் விலகாமல் போயிருக்கிறோம்.

சில்லுக்கு 28 அங்குல ரிம் சங்கானையில் ஒரு கடையில் கிடைத்தது. கம்பி கோத்து நேராக்கிப் பூட்டியாயிற்று. புதுப் பெட்டிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. மூடி இறுகவில்லை, ஐஸ் நிற்காது என்றார். நாளை வேறு பெட்டி பார்க்கவேண்டும்.

வருகிற ஞாயிறு ஆறு பேருக்கு மேற்படாத மூன்று குழுக்கள், ஐந்து நிமிட இடைவெளி. ஒவ்வொன்றிலும் முன்னுக்கு ஒருவர், கடைசிக்கு ஒருவர். முதல் குழுவின் கடைசி ஆள் நான். முன்காற்று மூன்றாவது குழுவின் கடைசியில் வருகிறேன் என்று தானாகவே கேட்டிருக்கிறார். புதுச்சில்லு, நீங்கள் வந்தால் வேகத்தை நீங்கள் சொல்லுங்கள்.

புதுச்சில்லு | புதன், இரவு 9.50

வருகிறேன். பம்பு நானும் கொண்டுவருவேன். நம்பிக்கை இல்லாமல் அல்ல, பழக்கம்.

ரலி28 | புதன், இரவு 10.05

எல்லாம் சரி. அந்தக் குழியை யாராவது மூடினார்களா?

முன்காற்று | புதன், இரவு 10.20

இல்லை ஐயா. இன்று திரும்பி வரும்போது இறங்கி, சுண்ணாம்பால் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். மழை வந்தால் போய்விடும். பொன்னாலைப் பக்கமிருந்து ஏறினால் இடப்பக்கம், ஓரத்தில் இருந்து ஒன்றரை அடி உள்ளே.

மூன்றுசில்லு | புதன், இரவு 10.31

நாளைக்குக் காரைநகர் ஓட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டில் கொஞ்சம் வெள்ளைப் பெயின்ற் மிச்சம் கிடக்கிறது, கொண்டுபோகிறேன்.